யாழ்ப்பாணப் பொது நூலகம்: சந்தாக்காரர் அறையிலிருந்து வெள்ளைக் குவிமாடம் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்த கையோடு அடுத்ததாகத் தேடிப் போவது இந்த வெள்ளைக் கட்டடத்தைத்தான். அது எரிந்த கதை எல்லோருக்கும் தெரியும். கட்டிய கதைதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் கட்டிய கதைக்கே கூடுதல் இடம்.

இந்த நூலகத்தைத் தொடங்கியது அரசாங்கமா?

இல்லை. அச்சுவேலியைச் சேர்ந்த க. மு. செல்லப்பா என்ற நீதிமன்ற உத்தியோகத்தர், 1933இன் கடைசியில் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை அக்கம்பக்கத்தாருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் பயன்படும் ஒரு நூல்நிலையம் வேண்டும் என்று அறிக்கை எழுதி ஊர்ப் பெரியவர்களுக்கும் அனுப்பினார். அதற்குப் பலன் கிடைத்தது. 1934 ஜூன் மாதம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கூட்டம் கூடி ஒரு குழுவைத் தெரிவு செய்தார்கள். 1934 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் நூலகம் திறந்தது. கையிருப்பு 844 நூல்களும் முப்பது சொச்சம் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும்தான்.

அப்படியென்றால் அது ஒரு தனியார் கழகம் மாதிரித்தானே?

கிட்டத்தட்ட அப்படித்தான். தலைவர், செயலாளர்கள், நிர்வாகக் குழு, சந்தா என்று ஒரு சங்கத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. சந்தா கட்டிய உறுப்பினர்கள் புத்தகம் எடுத்துப் போனார்கள். பின்னேரம் கந்தோர் விட்டு வருகிறவர்கள் பத்திரிகை பார்த்துவிட்டு நாலு விஷயம் பேசிவிட்டுப் போகும் இடமாகவும் அது இருந்திருக்கும். பத்திரிகை விரித்துக் கிடக்கிற இடத்தில் யாழ்ப்பாணத்தார் பேசாமல் இருப்பார்களா என்ன!

அந்தக் காலத்து இலங்கையில் வேறு கிளப்புகள் இருந்தனவே?

இருந்தன. கொழும்புக் கிளப் 1871இலும் நுவரெலியாவின் ஹில் கிளப் 1876இலும் தொடங்கின. இரண்டும் நெடுங்காலம் வெள்ளைக்காரத் துரைமாருக்கானவை. நம்மவர்கள் அங்கே பரிமாறுகிறவர்களாக மட்டும் உள்ளே போகலாம். அந்த வாசல்கள் மூடியிருந்ததால் ஒவ்வொரு சமூகமும் தனக்கென்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டது. கொழும்பில் தமிழர்கள் 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் விளையாட்டுக் கழகம் அதற்கு ஓர் உதாரணம்.

யாழ்ப்பாணத்தில் அந்த வேகம் வேறு பக்கம் திரும்பியது. பில்லியட் மேசையையும் மதுச்சாலையையும் சுற்றி ஆட்கள் கூடுவதைவிடப் பத்திரிகை மேசையைச் சுற்றிக் கூடுவதே இங்கே வழக்கமாக வேரூன்றியது. கிராமத்துக்குக் கிராமம் வாசிகசாலை, பிற்காலத்தில் சனசமூக நிலையம் என்று அது பரவியது. இப்போதும் ஒரு சந்தியில் சின்னக் கட்டடமும் உட்கார ஒரு நீள வாங்குப் பலகையும் பத்திரிகைச் செருகியும் இருந்தால் அது சனசமூக நிலையமாகத்தான் இருக்கும்.

அதற்கு என்ன காரணம்?

ஒன்றென்று சொல்ல முடியாது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை வந்தது. அவர்களுக்குப் பதிலடியாக ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலையும் அச்சகமும் நடத்தினார். இரண்டு தரப்பும் போட்டி போட்டு அச்சடித்ததில் வாசிக்கிற கூட்டம் பெருகியது. மண்ணும் ஒரு காரணம். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, கிணற்று நீர் இறைத்துத்தான் தோட்டம். பிள்ளைகள் நாலு எழுத்துப் படித்து அரசாங்க உத்தியோகத்துக்கோ மலாயாவுக்கோ போனால்தான் குடும்பம் தலை நிமிரும் என்ற நிலை. புத்தகம் இங்கே ஆடம்பரமாக இருக்கவில்லை, பிழைப்போடு ஒட்டியிருந்தது.

1920களின் அரசியலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ், 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தது. 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்க வைத்தது. செல்லப்பா அறிக்கை எழுதியது இந்தச் சூட்டுக்குள்தான்.

எல்லோருமே உறுப்பினராக முடிந்ததா?

சந்தா கட்டக் கூடியவர்கள் ஆகலாம். ஆனால் சந்தா கட்டக் கூடியவர்கள் யார் என்பது அடுத்த கேள்வி. 1930களின் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக உட்காரலாம் என்றதற்கே பெரிய கலகம் நடந்திருக்கிறது. தேநீர்க்கடை வாசலில் ஆளை மறித்த காலம் 1960கள் வரை நீண்டது. அந்த ஊரில், மாதச் சம்பளம் வாங்கும் ஆங்கிலம் படித்தவர்களின் குழுவாக ஒரு நூலகம் நின்றுவிட்டிருந்தால் அது இன்னொரு மூடிய வாசலாகியிருக்கும்.

நல்ல வேளையாக அப்படி நிற்கவில்லை. தொடங்கி ஆறு மாதம் ஆவதற்குள், 1935 ஜனவரியில், குழு அதை நகரசபையிடம் ஒப்படைத்துவிட்டது. கையில் இருந்ததைத் தாங்களே வைத்துக்கொள்ளாமல் ஊருக்குக் கொடுத்தார்களே, இந்தக் கதையில் என்னைக் கவர்ந்த முடிவு அதுதான். குவிமாடம், சிலை எல்லாம் அதற்குப் பிறகு.

இப்போதைய கட்டடத்தைக் கட்ட யார் முன்னின்றார்கள்?

1949இல் யாழ்ப்பாணம் மாநகரசபையாயிற்று. முதல் மேயர் சாம் ஏ. சபாபதி. வாடகைக் கட்டடங்களில் இடம் மாறி மாறி ஒதுங்கியிருந்த நூலகத்துக்கு நிரந்தரமான, பெரிய இடம் வேண்டும் என்ற எண்ணம் அவர் காலத்தில் வலுத்தது. 1952இல் அதற்கென்று குழு அமைந்தது. நிதி திரட்டக் களியாட்ட விழாவும் நடத்தினார்கள். நூலகத்துக்காக கார்னிவல் நடத்துவது நம் ஊருக்குத்தான் தோன்றும்!

இன்னொருவர் லோங் அடிகளார். புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த கத்தோலிக்கக் குரு. ஆட்களைப் பிடிப்பது, ஆலோசனை கேட்பது, வெளிநாட்டுத் தூதரகங்களின் கதவைத் தட்டுவது என்று அலைந்தவர் அவர். 1954 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அமெரிக்கத் தூதுவரும் பிரித்தானிய உயர்ஸ்தானிகரும் அந்த மேடையில் இருந்தார்கள் என்றால், ஒரு மாநகரசபை நூலகத்துக்கு அப்போது எவ்வளவு பரபரப்பு இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

வடிவமைத்தது யார்?

சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். நூலகத்துக்குள் என்னென்ன வேண்டும், எது எங்கே இருக்க வேண்டும் என்று ஆலோசனை சொன்னவர் எஸ். ஆர். ரங்கநாதன்.

ரங்கநாதன் என்றால் அந்த நூலகவியல் ரங்கநாதனா?

அவரேதான். சம்பந்தர் பிறந்த சீர்காழியில் 1892இல் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, உலகம் முழுக்க நூலகத் துறையில் பெயர் சொல்லும் அளவுக்கு உயர்ந்தவர். அவருடைய ஐந்து விதிகள் 1931இல் வெளிவந்தன. நூல்கள் பயன்படுத்தவே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளர்ந்துகொண்டே போகும் ஓர் உயிர்.

கடைசி விதியை யாழ்ப்பாணத்துக் கட்டடத்தோடு பொருத்திப் பார்க்கலாம். 1959இல் முழுவதையும் கட்டித் திறக்கவில்லை. முதலில் பிரதான பகுதி. சிறுவர் பகுதி 1967இல் வந்தது. கேட்போர் கூடம் 1971இல். கையில் காசு வர வர, தேவை கூடக் கூட நீட்டிக்கொண்டு போனார்கள்.

இது என்ன பாணி? திராவிடம் என்கிறார்கள், இந்தோ-சாரசனிக் என்கிறார்கள்.

இரண்டு பெயரும் புழக்கத்தில் உண்டு. குழப்பமில்லாமல் சொல்வதென்றால், உடம்பு இந்தோ-சாரசனிக், அங்கங்கே திராவிடச் சாயல்.

இந்தோ-சாரசனிக் என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயப் பொறியாளர்கள் இந்தியாவில் உருவாக்கிய கலவை. முகலாயக் குவிமாடம், வளைவு, கோயில் தூண், மேல்நாட்டுத் தள அமைப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்தது. சென்னையில் சிஷோம் கட்டிய பல்கலைக்கழக செனட் மண்டபம், 1892இல் திறந்த உயர்நீதிமன்றம் இரண்டையும் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். செனட் மண்டபத்துக்கும் நம் நூலகத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் நிறம். அங்கே செங்கல் சிவப்பு, வண்ணக் கண்ணாடி, நுணுக்கமான வேலைப்பாடு. இங்கே தலை முதல் கால் வரை வெள்ளை, அலங்காரம் அளவோடு. மாநகரசபையின் பட்ஜெட்டும் அதில் பேசியிருக்கும்.

1950களில் அது பழைய பாணிதானே? ஏன் அதைத் தெரிவு செய்தார்கள்?

பழசுதான். நம் நூலகத்துக்கு அடிக்கல் நாட்டிய அதே ஆண்டுகளில் இந்தியாவில் சண்டிகார் நகரம் வெறும் கொங்கிறீட் முகத்தோடு எழுந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் குவிமாடத்தைக் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளுக்கு ஒரு பொதுக் கட்டடத்தின் முகம் என்பது ‘நாங்கள் யார்’ என்பதைச் சொல்லும் இடமாக இருந்தது. பெங்களூரில் விதான சௌதாவைத் திராவிடச் சாயலில் கருங்கல்லால் கட்டி 1956இல் முடித்தார்கள். இலங்கையையே பாருங்கள். கொழும்பின் சுதந்திர நினைவு மண்டபம் கண்டி இராசமாளிகையின் மகுல் மடுவ என்ற அரசவை மண்டபத்தை அப்படியே பார்த்துச் செய்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கட்டடங்களிலும் கண்டிக் கூரைகளும் சிங்களப் பழங்கலையின் சாயலும்தான். அதாவது நாட்டின் தேசியப் பாணி எது என்ற கேள்விக்குக் கொழும்பு கண்டியைக் கைகாட்டியது.

யாழ்ப்பாணம் கண்டியையும் பார்க்கவில்லை, லண்டனையும் பார்க்கவில்லை. பாக்குநீரிணைக்கு அப்பால் இருக்கும் சென்னையைப் பார்த்தது. ஆலோசகரும் அங்கிருந்து, கட்டடக் கலைஞரும் அங்கிருந்து. கல்லூரிப் படிப்புக்கும் சங்கீதத்துக்கும் சினிமாவுக்கும் சஞ்சிகைக்கும் யாழ்ப்பாணத்தார் சென்னையை எதிர்பார்த்த காலம் அது. கட்டடம் மட்டும் வேறு எங்கே போகும்? இதை அரசியல் அறிவிப்பாகத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பழக்கப்பட்ட அழகைத் தேர்ந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் கட்டி முடிந்தபோது நாட்டின் நிலை மாறியிருந்தது. அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடையிலான ஐந்து வருடத்துக்குள் 1956இன் சிங்களம் மட்டும் சட்டமும் 1958இன் கலவரமும் வந்து போயின. வெள்ளையடித்து முடிந்தபோது, சும்மா அழகாகக் கட்டிய ஒன்று தமிழரின் அடையாளமாகி நின்றது.

எப்போது திறந்தார்கள்?

1959 ஒக்டோபர் 11. திறந்து வைத்தவர் அப்போதைய மேயர் அல்பிரட் துரையப்பா. பிரதமர் பண்டாரநாயக்கா சுடப்பட்டு இறந்து அப்போது இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. துரையப்பாவும் 1975 ஜூலையில் பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். நூலகத்துக்கு அருகே இருக்கும் விளையாட்டரங்கு அவர் பெயரில்தான் இருக்கிறது.

முன்னால் நின்று பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

முதலில் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். வாசலுக்குக் கிட்டப் போய்விட்டால் குவிமாடம் கண்ணுக்குத் தப்பிவிடும். யாழ்ப்பாணம் மலையோ மேடோ இல்லாத தட்டை நிலம். பனைமரத்தையும் கோயில் கோபுரத்தையும் தேவாலயத்தையும் விட்டால் அப்போது வானத்தை எட்டிப் பார்க்கும் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் நடுவே எழும் ஒரு குவிமாடம் தூரத்திலிருந்தே ஆளைக் கூப்பிடும்.

இரண்டாவது, சமச்சீர். நடுவில் வாகனம் வந்து நிற்கும் முன்முகப்பு, அதற்கு மேல் மாடி, அதற்கும் மேல் குவிமாடம். இடமும் வலமும் ஒரே அளவில் விரியும் இறக்கைகள். ஒரு கோடு போட்டு மடித்தால் இரண்டு பக்கமும் பொருந்தும். கோயில் பழகிய கண்ணுக்கு இந்த ஒழுங்கு இயல்பாகப் படும்.

மூன்றாவது, வரிசையாகப் போகும் சாளரங்களும் அவற்றின் நிழலும். வைகாசி வெயிலில் போனால் அதன் அருமை தெரியும். வெளியே கண் கூசும், உள்ளே வாசிக்கப் போதுமான மெல்லிய வெளிச்சம். நான் அழகுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணைவிட இதற்குக் கூடக் கொடுப்பேன். வாசிக்க முடியாத அழகான நூலகங்கள் உலகத்தில் நிறைய உண்டு.

வாசலில் சரஸ்வதி சிலை எதற்கு? பொது நூலகத்தில் சமயச் சின்னம் இருக்கலாமா?

இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர்கள்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள். நூலகத்துக்கு முன்னால் வீணையோடு அமர்ந்த சரஸ்வதி. அந்த நூலகத்துக்காக அதிகம் அலைந்தவர்களில் ஒருவர் கத்தோலிக்கக் குரு. லோங் அடிகளாருக்கும் அங்கே சிலை உண்டு. கலைமகளையும் அடிகளாரையும் ஒரே வளவில் வைத்ததில் கட்டியவர்களுக்குச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் இல்லை.

1981இல் என்ன நடந்தது?

மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் ஜூன் 4ஆம் திகதி நடக்கவிருந்தது. மே 31ஆம் திகதி நாச்சிமார் கோவிலடியில் நடந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டார்கள். அன்று இரவு தொடங்கிப் பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் வெறியாட்டம் ஆடினார்கள். கூட்டணியின் அலுவலகம், யாழ்ப்பாணத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு, கடைகள், ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயம் எல்லாம் எரிந்தன. நூலகமும் எரிந்தது. தேர்தலுக்காகத் தெற்கிலிருந்து கொண்டுவந்து குவித்த பொலிஸார் ஊரில் நிறைந்திருந்தார்கள். சிறில் மத்தியூ, காமினி திசாநாயக்க என்ற இரண்டு அமைச்சர்களும் ஊரில் தங்கியிருந்தார்கள். இதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

எத்தனை நூல்கள் அழிந்தன?

வழக்கமாகச் சொல்லும் கணக்கு 97,000. 844இல் தொடங்கி நாற்பத்தேழு வருடத்தில் வந்த கணக்கு அது. அதில் கடையில் திரும்ப வாங்கக் கூடியவையும் இருந்தன, வாங்கவே முடியாத ஓலைச்சுவடிகளும் பழைய பத்திரிகைகளும் இருந்தன. ஆனந்த குமாரசுவாமியின் சேகரிப்பு உட்படப் பலர் தங்கள் குடும்பத்துப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். எண்ணிக்கையைவிட இதுதான் பெரிய இழப்பு. பத்திரமாக இருக்கும் என்று நம்பிப் பொது இடத்தில் வைத்ததே அவற்றுக்கு வினையாயிற்று.

‘தென்கிழக்காசியாவிலேயே பெரிய நூலகம்’ என்பது உண்மையா?

இந்த வரி ஒவ்வொரு ஜூன் மாதமும் முகநூலில் வரும். முதலாவது, யாழ்ப்பாணம் இருப்பது தென்னாசியாவில். இரண்டாவது, அதே காலத்தில் கல்கத்தாவின் தேசிய நூலகத்தில் பத்து லட்சத்துக்கு மேல் நூல்கள் இருந்தன. 97,000 என்பது ஒரு மாநகரசபை நடத்திய நூலகத்துக்குப் பெரிய தொகை, ஓலைச்சுவடிகளின் பெறுமதி வேறு. இவ்வளவு போதும். நடந்த அநியாயத்தின் அளவு, அது எத்தனையாவது பெரிய நூலகம் என்பதில் தங்கியிருக்கவில்லை. மிகைப்படுத்தினால் மறுப்பவர்களுக்குத்தான் வசதி.

யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி அங்கே எரிந்துபோனதாமே?

அந்த நூல் அழியவில்லை. மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய யாழ்ப்பாண வரலாறு அது. பிரிட்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1879இலேயே வந்துவிட்டது. தமிழ்ப் பதிப்பும் 1981க்கு வெகு முன்பே அச்சில் இருந்தது. நூலகத்தில் இருந்த பழைய பிரதிகள் போயிருக்கலாம். நூலின் பாடம் நம் கையில் இருக்கிறது, இன்றைக்கும் வாசிக்கலாம்.

தாவீது அடிகள் பற்றிச் சொல்வது கட்டுக்கதையா?

இல்லை. பன்மொழி அறிஞரான தாவீது அடிகள் அப்போது புனித பத்திரிசியார் கல்லூரியில் இருந்தார். அங்கிருந்து நூலகம் எரிவதைப் பார்த்த அதிர்ச்சியில் மாரடைப்பு வந்து இறந்துபோனார்.

பிறகு எப்போது திருத்தினார்கள்?

ஊர்ச் சனங்களும் வெளிநாட்டில் இருந்தவர்களும் காசும் புத்தகமும் சேர்த்து, ஒரு பகுதியைத் திருத்தி 1984 ஜூனில் திறந்தார்கள். அந்த முயற்சிக்கு வரைபடம் போட்டவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா. ஆனால் இடம் அப்படி. கோட்டைக்குள் இராணுவம், வெளியே ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கங்கள், நடுவில் நூலகம். 1985இல் மறுபடி சேதம். 1990இல் கோட்டை முற்றுகை நடந்த மாதங்களில் அந்தச் சுற்றுவட்டாரமே சல்லடையாயிற்று. கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயமும் அந்தச் சண்டையில்தான் தரைமட்டமானது. நூலகம் கூரையில்லாமல், துளைவிழுந்த சுவர்களோடு வருடக்கணக்காகக் கிடந்தது.

இப்போது நிற்பது பழைய கட்டடமா, புதுக் கட்டடமா?

1998க்குப் பிறகு அரசாங்கம் திருத்திக் கட்டியது. பழைய முகத்தோற்றத்தையே திரும்பக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் 1960களின் தபாலட்டைப் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தேட வேண்டியிருக்கிறது.

இதில் ஊருக்குள் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவிடமாக விட்டு, வேறு இடத்தில் புது நூலகம் கட்ட வேண்டும் என்றது ஒரு தரப்பு. வெள்ளையடித்தால் சாட்சியம் மறைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும், அதே இடத்தில் அதே தோற்றத்தில் எழும்புவதுதான் சரியான பதில் என்றது மற்றத் தரப்பு. நான் இரண்டாம் தரப்பு. ஆனாலும் முதல் தரப்பு சொன்னதில் பாதி பலித்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். விஷயம் தெரியாமல் உள்ளே போய் வருகிற ஒருவருக்கு, இந்தச் சுவர்கள் எரிந்தவை என்று கட்டடம் தானாகச் சொல்வதில்லை. ஒரு சுவரையாவது, ஓர் அறையையாவது பூசாமல் விட்டிருக்கலாம்.

திறப்பு விழா நின்றுபோனது ஏன்?

2003 பெப்ரவரி 14ஆம் திகதிக்கு விழா குறித்தார்கள். விடுதலைப் புலிகள் எதிர்த்தார்கள், விழா நின்றது, மாநகரசபை உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். யார் திறப்பது, யாருக்குப் பெயர் போவது என்ற இழுபறி அதற்குள் நிறைய இருந்தது. பிற்பாடு ஆரவாரம் இல்லாமல் வாசகர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அப்படித் திறந்ததே நல்லது.

பக்கத்தில் நிற்கும் அந்த உயரமான புதுக் கட்டடம் எது?

இந்திய அரசின் உதவியில் கட்டிய கலாசார மையம். 2023இல் கையளித்தார்கள், இப்போது திருவள்ளுவர் பெயரில் இருக்கிறது. வசதியான அரங்கு, ஊருக்குத் தேவைதான். ஆனால் பல மாடிக் கட்டடம் ஒன்றை இரண்டு மாடி நூலகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியதில் குவிமாடத்தின் உயரம் குறைந்துபோன மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் தள்ளிக் கட்டியிருந்தால் இரண்டுக்கும் மரியாதை.

அதே நடையில் வேறு எதைப் பார்க்கலாம்?

மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தவறவிடாதீர்கள். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்த ஞாபகமாகக் கட்டியது, 1882இல் முடிந்தது. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஸ்மிதர்தான் இதற்கும் கலைஞர். வீரசிங்கம் மண்டபம், 1974 தமிழாராய்ச்சி மாநாட்டில் இறந்தவர்களின் நினைவுத் தூண்கள், தந்தை செல்வா நினைவுத்தூண், சுப்பிரமணியம் பூங்கா, முற்றவெளி, கோட்டை எல்லாம் நடை தூரம். வெயிலுக்கு முந்திப் போனால் நல்லது.

சுற்றுலா வருகிறவர்கள் உள்ளே போகலாமா?

போகலாம், ஆனால் அது இயங்குகிற நூலகம் என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். பார்வையாளருக்கு ஒதுக்கிய நேரத்தை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். வாசிக்கிறவர்களின் முகத்துக்கு நேரே கமரா பிடிக்க வேண்டாம். படம் எடுக்க வெளியே தாராளமாக இடம் இருக்கிறது.

அழிந்தவற்றில் ஏதாவது இணையத்தில் கிடைக்குமா?

எரிந்த ஓலைச்சுவடிகள் கிடைக்காது. ஆனால் வேறு இடங்களில், வீடுகளில் தப்பிய ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் ஏராளமாகக் கிடைக்கும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் அவற்றைத் தேடித் தேடி ஸ்கேன் செய்து இலவசமாக வாசிக்கத் தருகிறது. சந்தா கிடையாது. வீட்டில் பாட்டன் காலத்துச் சஞ்சிகை, கோயில் மலர், பாடசாலை மலர் ஏதும் கறையான் தின்னக் கிடந்தால் அவர்களிடம் கொடுங்கள். ஒரு பிரதி வேறு எங்காவது இருக்கட்டும்.